என் வாயால் கூப்பிட ஒரு பேர்

நான் வாழ்க்கைப்பட்ட திருத்தங்கல் வீட்டில் பாலுக்குப் பால் என்று பெயர் கிடையாது. வெள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். காரணம் என் மாமனார். நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கூடத்தில் மாலை போட்ட படமாக இருந்தார். அவர் பெயரின் முதல் பாதி 'பால்'. பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது, மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. முழுப் பெயரை மட்டுமல்ல, பாதியையும்தான்.

இது தெரியாமல், போன முதல் வாரத்தில், "அத்தை, பால் காய்ச்சியாச்சு" என்று சொல்லிவிட்டேன். மாமியார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"இங்கன வெள்ளைன்னுதான் சொல்லணும். மாமா பேரும்மா அது."

"பாதிப் பேருதானேக்கா?"

"பாதினாலும் பேருதான்."

முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. விருதுநகரில் இருந்த என் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரித்தேன். பால்காரர் மட்டும் தினமும் வாசலில் நின்று அந்தச் சொல்லை ஊருக்கே கேட்கும்படி கத்துவார். அவரை ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே இருந்த நாங்கள் மூன்று பெண்களும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு "வெள்ளை வந்துருச்சு" என்று ஓடுவோம். ஒரு வருஷத்தில் எனக்கே அது பழகிவிட்டது, அம்மா வீட்டுக்குப் போனாலும் வெள்ளை என்றுதான் வாயில் வந்தது.

நான் உண்டானதும் சிரிப்பு நின்றது. அக்காவுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். அதனால் எனக்குப் பிறப்பது ஆணாக இருந்தால் மாமா பெயர்தான் என்று முடிவாகிவிட்டது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. மழை பெய்தால் தரை நனையும் என்பது மாதிரி அது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான்தான் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "மாமா பேரை வச்சா நான் அவனை என்னன்னு கூப்பிட?"

"தம்பின்னு கூப்பிடு. ராசான்னு கூப்பிடு. எம்புட்டுப் பேரு இருக்கு!"

"அதெல்லாம் பேரு இல்லை."

"எங்கம்மாகிட்ட நான் எப்படிச் சொல்ல?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு நாரணாபுரத்துக்குக் கிளம்பிவிட்டார். அங்கேதான் எங்கள் வெடி கம்பெனி இருந்தது. அண்ணனும் தம்பியும் காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெயரைத் தடையில்லாமல் சொல்லக்கூடிய ஆண்கள் பகல் முழுக்க வீட்டிலேயே இருக்க மாட்டார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பின்னாலேயே ஓடி வளர்க்கப் போகிற மாமியாராலும் என்னாலும் அக்காவாலும் அதைச் சொல்ல முடியாது. யாருக்காக இந்தப் பெயர்? படத்தில் இருந்தவர் வந்து கூப்பிடப் போகிறாரா? இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயிற்றுப் பிள்ளைக்காரி கோபப்படக் கூடாது என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொன்னார்கள். கோபப்படும்படி நடக்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில். ஐப்பசி மாதம், தீபாவளி அப்போதுதான் முடிந்திருந்தது. வலி எடுத்ததும் எங்கள் தெருவில் வாடகைக் கார் வைத்திருந்த அண்ணன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் கவனத்தைத் திருப்புவதற்காகவோ என்னவோ, ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, கிழக்கே இருட்டிக்கொண்டு வந்த வானத்தைக் காட்டி ஒரு சொல்லைச் சொன்னார். மழையைக் கொண்டுவருகிற கீழ்காற்றுக்கு வெள்ளாமை செய்கிற எங்கள் கரிசல்காட்டுச் சம்சாரிகள் சொல்கிற சொல். "அது அடிக்க ஆரம்பிச்சிருச்சு தங்கச்சி, இனி மழைதான்" என்றார். வலியிலும் அந்தக் காற்று முகத்தில் பட்டது இதமாக இருந்தது. மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரித் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லை அப்போதே பிடித்து வைத்துக்கொண்டேன். பேச்சில் இருக்கிற சொல்தான், ஆனால் பிள்ளைக்கு யாரும் பெயராக வைத்ததில்லை.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அது அச்சில் வந்தது போதும். ஏன் என்று போகப் போகத் தெரியும். வாயால் கூப்பிடுவதற்கு எனக்கு ஒரு தடையும் இல்லை, நாளெல்லாம் கூப்பிடுகிறேன். எழுதத்தான் மாட்டேன்.

பிள்ளை பிறந்த மறுநாள் பால் சரியாக இறங்கவில்லை. அவன் வீறிட்டு அழுதான். மாமியார் திருத்தங்கலிலிருந்து வந்து என் கட்டில் பக்கத்திலேயே இருந்தார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவிடம் அவர்தான் பேசினார்.

"டாக்டரம்மா, இவளுக்கு வெள்ளை சரியா வரல."

டாக்டரம்மா வெளியூர்க்காரர். "வெள்ளைப்படுதா? எத்தனை நாளா?" என்றார்.

"படல டாக்டரம்மா. வரணும். வந்தாத்தானே புள்ளை குடிக்கும்?"

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல். அது வாய் வரைக்கும் வந்து பல்லுக்குள்ளேயே நின்றுவிட்டது. பக்கத்தில் மாமியார் நின்றார். பெற்ற பிள்ளை பசியில் கத்துகிறான், எனக்குப் பால் இல்லை என்று டாக்டரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் நர்ஸ்தான் என்னைப் பார்த்து, "மாமனார் பேராக்கா?" என்று கேட்டாள். சாத்தூர்ப் பக்கத்துப் பெண். நான் தலையை ஆட்டினேன். "தாய்ப்பால் பத்தலையாம் டாக்டர்" என்று அவள் சொன்னாள். மாமியார் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது, வெட்கத்தால் இல்லை, ஆத்திரத்தால். இந்தப் பெயர் என் மகன் தலையிலும் ஏறினால் அவனையும் நான் இப்படித்தான் சாடை காட்டியே வளர்க்க வேண்டியிருக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

தொட்டில் கட்டுகிற அன்றைக்குத் திருத்தங்கலிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளையை மடியில் வைத்துக் காதில் பெயர் சொல்ல நாத்தனார் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அது அப்பா பெயர், சொல்லலாம். நான் அதற்கு முன்னால் சொன்னேன்: "இவனுக்கு நான் ஒரு பேரு யோசிச்சு வச்சிருக்கேன்." சொல்லிவிட்டுப் பெயரையும் சொன்னேன். அம்மா சேலைக்குக் கீழே என் காலை மிதித்தார். என் வீட்டுக்காரர் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார்.

"ஊரு உலகத்துல இல்லாத பேரா இருக்கு!" என்றார் மாமியார்.

"மாமா பேரை வச்சா நான் அவனை என்னன்னு கூப்பிட, அத்தை? நீங்க என்னன்னு கூப்பிடுவீக?"

"இம்புட்டு அடம் ஆகாதும்மா" என்றார் நாத்தனார். நான் கேட்டதற்கு அது பதிலா? நான் கேள்வியே கேட்காத மாதிரி இருந்தார்கள்.

அப்போது வாயைத் திறந்தவர் பெரியத்தான், என் வீட்டுக்காரரின் அண்ணன். கம்பெனியும் அவர் சொல்படி, வீடும் அவர் சொல்படி. "என்ன பேரு சொன்னே? இன்னொருக்கச் சொல்லு" என்றார். சொன்னேன். அவரும் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"நல்லா இருக்கே. நம்ம பக்கம் யாருக்கும் இந்தப் பேரு இல்லையே?"

"இல்லைத்தான்."

"சிவகாசில? சாத்தூர்ல?"

"எங்கயும் கேள்விப்பட்டதில்லை."

"அப்பச் சரி. காதுல அப்பா பேரைச் சொல்லட்டும். கூப்பிடுறதுக்கு இந்தப் பேரே இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான், நாத்தனார் குனிந்து பிள்ளையின் காதில் பெயர் சொன்னார். எனக்கு அவர் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. அடுப்படியில் அம்மா, "உன் பெரியத்தான் தங்கமான மனுசன்டி" என்றார். ஆமாம் என்றேன். அந்த ஆமாமை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மறு வருஷம் ஆனி மாதம். மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரர் சுருட்டிய ஒரு தாளை நீட்டினார். அச்சாபீசிலிருந்து நேராக வந்த மை வாசம். விரித்தால் வெடி லேபிள். சரவெடிக்கு ஒட்டுவது. சிவப்பும் மஞ்சளுமாக என் மகன் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. என் பிள்ளைக்கு அந்த இடத்திலும் இடமில்லை, யாரோ பெற்ற பிள்ளைக்கு அவன் பெயரைச் சூட்டியிருந்தார்கள்.

"அண்ணன் புது அயிட்டம் போடுதாரு. எப்படி?" என்றார் பெருமையாக.

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கணும்? நம்ம கம்பெனிதானே."

அன்றைக்குச் சாயந்தரம் பெரியத்தான் வந்து முகம் கழுவும் வரைக்கும் பொறுத்திருந்தேன். அதற்கு முன்னால் அவரிடம் நேருக்கு நேர் நின்று பேசியதே இல்லை. "அத்தான், இது என் புள்ளை பேரு" என்றேன்.

"நம்ம புள்ளைம்மா" என்று துண்டால் முகத்தைத் துடைத்தார். "போன சீசன்ல நம்ம வச்ச பேரை ஒருத்தன் என்னுதுன்னு சண்டைக்கு வந்தாம்ல? எந்தப் பேரை எடுத்தாலும் எவனாவது வச்சிருக்கான். இந்தப் பேருக்கு எவன் வருவான்? அன்னைக்கே நினைச்சேன்."

அன்றைக்கே. தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சிவகாசியில் இருக்கா சாத்தூரில் இருக்கா என்று அவர் கேட்டது பிள்ளைக்காக இல்லை, வெடிக்காக. ஊரில் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஊரில் இல்லை என்பதற்காகவே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"மாமா பேரை வையுங்களேன், வெடிக்கு" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அப்பா பேரைக் கொளுத்தச் சொல்லுதியா?"

"என் புள்ளை பேரைக் கொளுத்தலாமா?"

"ஏய்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குத் தெரிந்து அவர் என்னை அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை. மாமியார் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டார். பெரியத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் தப்பு எதுவும் செய்ததாக அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை, நான் எதிர்த்துப் பேசியதுதான் தப்பு.

அந்தத் தீபாவளிக்குச் சரம் நன்றாகப் போனது. எங்கள் தெருவிலேயே வாங்கி வெடித்தார்கள். மறுநாள் காலையில் வாசல் தெளிக்கப் போனால் தெரு முழுக்கச் சிவப்புக் காகிதம். எங்கள் பக்கம் அது பெருமை. எந்த வீட்டு வாசலில் குப்பை அதிகமோ அந்த வீட்டில் நல்ல தீபாவளி. நான் விளக்குமாற்றோடு நின்றேன். கருகியும் கிழிந்தும் என் மகன் பெயர் காலடியில் கிடந்தது. பாதிப் பெயர், கால் பெயர், ஒற்றை எழுத்து. சைக்கிள் ஏறிப் போனது, ஆடு ஒன்று முகர்ந்து பார்த்தது. பாதிப் பெயர் என்றாலும் பெயர்தான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த வீடு அது. அக்கா வந்து, "என்ன நிக்கே, கூட்டு" என்றார். "நீங்க கூட்டுங்க" என்று விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் மகனுக்கு மொட்டை போட இருக்கன்குடி கோயிலுக்குப் போனோம். முடி எடுக்கிறவர் அவன் தலையில் தண்ணீர் தடவிக்கொண்டே பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் கத்தியை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"வெடிப் பேரையா புள்ளைக்கு வச்சிருக்கீக? கம்பெனி மேல அம்புட்டுப் பாசமா?"

பெரியத்தானும் சேர்ந்து சிரித்தார், மறுக்கவில்லை. நான் அந்தக் கூட்டத்தில் நின்று, முதலில் பிள்ளை, பிறகுதான் வெடி என்று எத்தனை பேருக்கு விளக்குவது? தெருப் பையன்கள் அவன் அருகில் வந்து, "உன்னைப் பத்த வைக்கட்டுமாலே?" என்று கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அவனுக்கும் அது விளையாட்டு, கைகொட்டிச் சிரிப்பான். எனக்கு ஒவ்வொருவனையும் பிடித்து இரண்டு சாத்தலாம் போல இருக்கும்.

அவனுக்கு இரண்டு வயதாகிற சமயத்தில் அடுத்த தீபாவளி வந்தது. அந்தத் தடவை கடைசி லோடு போகிற நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. காயவைக்க வெயில் இல்லை. ஆர்டர் போய்விடுமே என்று பெரியத்தான் சரியாகக் காயாத சரத்தையே கட்டி ஏற்றிவிட்டார். இதை என் வீட்டுக்காரரே சாப்பிடும்போது சொன்னார். போன ஊரிலெல்லாம் சரம் நமுத்துப்போய்ப் பாதியில் நின்றுவிட்டது. தீபாவளி முடிந்ததும் கடைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனில் வந்து, என் மகன் பெயரைச் சொல்லித்தான் திட்டினார்கள். அது நமுத்துப்போச்சு, அது புஸ்ஸுன்னு போச்சு, அதை இனி அனுப்பாதீக.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியத்தான் எல்லாரையும் கூடத்துக்கு வரச் சொன்னார்.

"அந்தப் பேரு ராசியில்லை. மழைக்காத்துப் பேரை வச்சா மழைதான வரும்? லேபிளை எல்லாம் எடைக்குப் போடச் சொல்லிட்டேன். புள்ளைக்கும் மாத்திருவோம். அதான் காதுல சொன்ன பேரு இருக்கே. இனி எல்லாரும் அப்பா பேரையே கூப்பிடுவோம்."

"நமுத்துப்போனது பேரா, மருந்தா?" என்றேன். "ஈரத்தோட கட்டுனது யாரு? என் மகனா?"

"கம்பெனி விஷயம் உனக்கெதுக்கு?" என்றார்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணன் சொல்லுறதும் சரிதான், புள்ளைக்கு ராசி பாக்கணும்ல" என்றார். என்னிடமிருந்து பிடுங்கி, ஊர் ஊராகக் கொளுத்தி, தெருவில் மிதிபட விட்டு, இப்போது ராசியில்லை என்று குப்பையில் போடப் போகிறார்கள். அதற்கு அவன் அப்பாவே தலையாட்டுகிறார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விருதுநகருக்குப் பஸ் ஏறிவிடுவது என்று முடிவு செய்து எழுந்தேன். நிஜமாகவே எழுந்துவிட்டேன்.

அப்போதுதான் மாமியார் பெரியத்தானைப் பார்த்துக் கேட்டார்.

"மாத்திட்டா, நான் அவனை என்னன்னுலே கூப்பிட?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்:

"விடிஞ்சதுல இருந்து அவன் பின்னாடி ஓடுறது நான். வாசல் தாண்டினா லாரி வருது, பஸ் வருது. பேரைச் சொல்லிக் கத்துனாத்தான் நிக்கான். தம்பின்னு கத்துனா தெருவுல இருக்கிற அம்புட்டு எளவட்டமும் திரும்பிப் பாக்கான். உங்கப்பா பேரைச் சொல்லி நான் கத்த முடியுமா? வாழ்நாளெல்லாம் ஒரு பேரைச் சொல்லாமலே இருந்துட்டேன். எனக்கு வாய் நிறையக் கூப்பிடக் கிடைச்ச பேரு இது ஒண்ணுதான். அதையும் புடுங்காதிய."

அவர் சொன்னது உண்மை. தெருவில் அந்தப் பெயரை எல்லாரையும்விட அதிகமாகக் கூப்பிட்டது மாமியார்தான். அதை நான் கவனித்திருந்தேன், அவர் மனதில் அது என்னவாக இருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரியத்தான் மோவாயைத் தடவினார். "அதுவும் சரிதாம்மா. நான் அதை யோசிக்கவே இல்லையே. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அவ்வளவு லேசாக.

யோசிக்கவில்லையாம்! இதையேதான் நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். என்னன்னு கூப்பிட, நீங்க என்னன்னு கூப்பிடுவீக என்று இதே வார்த்தையில் கேட்டேன். என் வாயிலிருந்து வந்தபோது அது அடம். அவர் அம்மா சொன்னதும் நியாயமாகிவிட்டது. பெயர் தப்பித்தது என்று எனக்குச் சந்தோஷம் வரவேண்டும்தானே? வரவில்லை. அங்கிருந்த ஒவ்வொரு தலையையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. மாமியார் தலையையும் சேர்த்துத்தான்.

"சரி சரி, காப்பி போடும்மா" என்றார் பெரியத்தான், எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி.

அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தேன். அழுகை கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், ஆனால் பொங்கி வருவது தெரியவில்லை. அடுப்பில் வழிந்து தீய்ந்த வாடை கூடம் வரைக்கும் போயிருக்க வேண்டும்.

"ஏம்மா, வெள்ளை பொங்குது பாரு!" என்று மாமியார் கத்தினார்.

"பால், அத்தை" என்று நானும் கத்தினேன். "அதுக்குப் பேரு பால்."

கூடத்திலிருந்து கன்னத்தில் போட்டுக்கொள்கிற சத்தம்கூட வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகனைப் பால் குடிக்கப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.